பரீட்சைக்கு ஏழைப் பெண், பலனுக்கு யார்?

2007 ஜனவரி 31-ந் தேதி ஓர் அறிவிப்பு வந்தது. எய்ட்ஸ் கிருமி பெண்களைத் தொற்றாமல் தடுக்கும் என்று நம்பி, சென்னையிலும் கர்நாடகத்தின் பாகல்கோட்டிலும், கடல் கடந்து தென் ஆப்பிரிக்கா, பெனின், உகாண்டா நாடுகளிலும் பெண்களிடம் கொடுத்துச் சோதித்து வந்த ஒரு களிம்பின் பரீட்சை நிறுத்தப்பட்டது. ஏன் நிறுத்தினார்கள்? இடையில் கணக்கெடுத்துப் பார்த்தபோது, மருந்துக் களிம்பைப் பயன்படுத்திய பெண்களில், மருந்தில்லாத வெற்றுக் களிம்பைப் பயன்படுத்தியவர்களைவிட அதிகம் பேருக்குக் கிருமி தொற்றியிருந்தது! வேலி என்று சொல்லிக் கொடுத்தது பயிரை மேய்கிறதோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. நிறுத்தினார்கள்.

"அது பழங்கதை ஆயிற்றே, இப்போது எதற்கு?" என்று கேட்கலாம். பழங்கதை அல்ல. களிம்புக்குப் பிறகு வளையம் வந்தது. வளையத்துக்குப் பிறகு ஊசி வந்தது. நாளைக்கு வேறொன்று வரும். மருந்து மாறுகிறது. அதை முதலில் யார் உடம்பில் போட்டுப் பார்ப்பது என்ற கேள்விக்கு மட்டும் பதில் மாறுவதில்லை.

இது அசிங்கமா?

தென்னூரில் கிளைக் கூட்டம் முடிந்த பிறகு, இதைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னேன். ஒரு மில் தோழர் முகம் சுளித்தார். "பஞ்சப்படி, போனஸ், ஆள்குறைப்பு என்று எவ்வளவோ இருக்க, இந்த அசிங்கம் நம் பத்திரிகைக்கு எதற்கு அண்ணே?" என்றார். நல்ல தோழர், வேலைநிறுத்தம் என்றால் முதல் வரிசையில் நிற்பவர். ஆனாலும் அவருக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். அவரைப் போல நினைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர்.

எது அசிங்கம்? வாழைத்தார் லோடு ஏற்றிக்கொண்டு வாரக்கணக்கில் லாரியில் போகிறவன், கட்டட வேலைக்குக் கேரளத்துக்குப் போய் ஆறு மாதம் கழித்துத் திரும்புகிறவன், கிருமியையும் சேர்த்துக் கொண்டுவருகிறான். நம் நாட்டில் இந்தக் கிருமி தொற்றிய பெண்களில் மிகப் பெரும்பாலோர் கட்டிய புருஷனிடமிருந்து பெற்றவர்கள். கழுத்தை நீட்டித் தாலி வாங்கிக்கொண்டதைத் தவிர அவர்கள் செய்த குற்றம் என்ன? வயிற்றுக்காக உடம்பை விற்கிறவளும் உழைக்கும் வர்க்கத்தில் பிறந்தவள்தான். அவளைப் பார்த்துக் காறித் துப்புகிறவர்கள், அவளிடம் போய் வருகிற பெரிய மனிதர்களைக் கண்டால் எழுந்து நின்று கும்பிடுகிறார்களே, அதுவல்லவா அசிங்கம்!

தடுப்புக்கு ஆணுறை இருக்கிறது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாகவும் கிடைக்கிறது. அது யார் இஷ்டம்? ஆணின் இஷ்டம். குடித்துவிட்டு வருகிறவனிடம் "உறை போட்டுக்கொள்" என்று சொல்லி அடி வாங்காமல் தப்புகிற பெண் எத்தனை பேர்? "என்னையே சந்தேகப்படுகிறாயா?" என்பான், "இதை நீ எங்கே கற்றுக்கொண்டாய்?" என்பான். ஆகவே, பெண் தன் கையால், புருஷனுக்குத் தெரியாமலும்கூட, பயன்படுத்தக்கூடிய ஒரு மருந்து வேண்டும் என்ற யோசனை பிறந்தது. உறுப்பினுள் செலுத்திக்கொள்ளும் களிம்பு அது. கிருமியை அங்கேயே கொல்ல வேண்டும், அல்லது உடம்பில் ஒட்டவிடாமல் தடுக்க வேண்டும். வெட்டை, கிரந்தி முதலிய மற்ற மேகநோய்களையும் தடுத்தால் இன்னும் நல்லது. நல்ல யோசனைதான். யோசனையோடு நமக்குச் சண்டை இல்லை.

நோய் வந்தால்தான் கணக்கு

சண்டை எங்கே என்று புரிய, இந்தப் பரீட்சை எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும். காய்ச்சல் மருந்தைச் சோதிப்பது சுலபம். காய்ச்சல்காரனுக்குக் கொடுத்தால், இறங்கியதா இல்லையா என்று தெரிந்துபோகும். தடுப்பு மருந்து அப்படியல்ல. நோயில்லாத பெண்களைச் சேர்க்க வேண்டும். சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் பாதிப் பேருக்கு மருந்துக் களிம்பு, பாதிப் பேருக்கு வெற்றுக் களிம்பு. யாருக்கு எது என்று அவளுக்கும் தெரியாது. கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. மாதாமாதம் வரச் சொல்லி ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். இந்தப் பக்கம் எத்தனை பேருக்குத் தொற்றியது, அந்தப் பக்கம் எத்தனை பேருக்குத் தொற்றியது? அந்த வித்தியாசம்தான் விடை.

நன்றாகக் கவனியுங்கள். இரண்டு பக்கமும் யாருக்குமே தொற்றாவிட்டால் விடையே கிடையாது! பரீட்சை செல்லுபடியாக வேண்டுமானால் சிலருக்கு நோய் வந்தே தீர வேண்டும். ஆகவே நோய் எங்கே மலிவோ அங்கே போகிறார்கள். நோய் எங்கே மலிவு? கூலி எங்கே மலிவோ, ஆஸ்பத்திரி எங்கே தூரமோ, பெண்ணின் பேச்சு எங்கே எடுபடாதோ அங்கே. ஆரம்பப் பரீட்சைகள் சில அமெரிக்காவிலும் நடந்தன. டெனோபோவிர் என்ற மருந்து கலந்த களிம்பை 2006-ல் புனேயில் சோதித்தபோது நியூயார்க்கும் ஓர் இடமாக இருந்தது. ஆனால் தொற்று எண்ணிக் கணக்குப் பார்க்கிற பெரிய பரீட்சைகள் ஏறக்குறைய எல்லாம் ஆப்பிரிக்காவில், கொஞ்சம் ஆசியாவில்.

பரீட்சையில் சேர்ந்த எல்லோருக்கும் ஆணுறை கொடுத்தார்கள், புத்திமதி சொன்னார்கள். கொடுக்கத்தான் வேண்டும், விதி அப்படி. ஆனால் அந்தப் புத்திமதி பூரணமாகப் பலித்துவிட்டால் கணக்குக்கு எண்ணிக்கை கிடைக்காது. ஒரு கை நோயைத் தடுக்கிறது; மறு கை நோயை எண்ணக் காத்திருக்கிறது. இதை நடத்துகிற டாக்டர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. கணக்கின் தன்மையே அப்படி. அப்படிப்பட்ட கணக்கில் உடம்பைக் கொடுத்தவளுக்கு என்ன பாத்தியதை என்பதுதான் நம் வழக்கு.

சலவைப் பொருளும் பஞ்சும்

சென்னைக்கு வந்தது முதல் களிம்பு அல்ல. அதற்கு முன்பே நானாக்ஸினால்-9 என்ற ஒன்று இருந்தது. மேல்நாடுகளில் பல ஆண்டுகளாகக் கர்ப்பத்தடைக்கு விற்ற சரக்கு. அடிப்படையில் அது சோப்பைப் போன்ற ஒரு சலவைப் பொருள். கண்ணாடிக் குழாயில் கிருமி மேல் விட்டால் கிருமி செத்தது. பெனின், ஐவரி கோஸ்ட், தென் ஆப்பிரிக்கா, தாய்லாந்து ஆகிய இடங்களில் விபசாரத் தொழிலில் இருந்த பெண்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். 2000-ல் முடிவு வெளிவந்தது. மருந்துக் களிம்பு வாங்கிய 376 பேரில் 59 பேருக்குத் தொற்று; வெற்றுக் களிம்பு வாங்கிய 389 பேரில் 45 பேருக்கு. ஒரு நாளில் அதிகம் முறை பயன்படுத்தியவர்களுக்குத்தான் ஆபத்தும் அதிகம். மில்லில் வெளுப்புக் காரத்தில் கைவைத்த தோழருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அழுக்கை எடுக்கிற காரம் தோலையும் அரிக்கும். கிருமியை உடைத்த பொருள் பெண்ணின் மென்மையான உட்சவ்வையும் புண்ணாக்கியது. புண் வழியே கிருமி புகுந்தது.

சென்னைக்கு வந்த களிம்பின் பெயர் செல்லுலோஸ் சல்பேட். பஞ்சின் நார்ப்பொருளிலிருந்து செய்தது. ஆம், நாம் நூற்கிற அதே பஞ்சு! கனடாவின் டொரான்டோ நகரத்து பாலிடெக்ஸ் கம்பெனியின் சரக்கு. பரீட்சை நடத்தியது கான்ராட் என்ற அமெரிக்க ஸ்தாபனம். பணம் அமெரிக்க சர்க்காரின் யு.எஸ்.எய்டு இலாகாவும் பில் கேட்ஸின் அறக்கட்டளையும் கொடுத்தது. இது சலவைப் பொருள் அல்ல, சாது, உறுத்தாது என்றார்கள். சிறு பரீட்சைகளில் அப்படித்தான் தெரிந்தது. 2005-ல் பெரிய பரீட்சை துவங்கியது. இடைக்கணக்கில் மருந்துப் பக்கம் தொற்று அபாயம் இரண்டு மடங்குக்கு மேல் என்று வந்ததும் நிறுத்தினார்கள்.

இந்த இடத்தில் உண்மையை முழுதாகச் சொல்லிவிட வேண்டும். அரை உண்மை நம் பத்திரிகைக்கு வேண்டாம். எல்லாம் எண்ணி முடித்து 2008-ல் வெளியிட்ட கணக்கில் 1,398 பெண்களில் மருந்துப் பக்கம் 25 பேர், வெற்றுப் பக்கம் 16 பேர். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்று கணக்கு நிபுணர்கள் சொல்கிறார்கள். களிம்பு காப்பாற்றவில்லை என்பது மட்டும் நிச்சயம். நடுவில் கணக்குப் பார்க்கத் தனிக் கமிட்டி இருந்ததும், அது தயங்காமல் நிறுத்தச் சொன்னதும் நல்ல காரியம். அந்தக் கமிட்டி இல்லாவிட்டால் எண்ணிக்கை எங்கே போய் நின்றிருக்குமோ!

சரி, அந்த 25 பெண்களை நினைத்துப் பாருங்கள். அவர்களில் ஒருத்தி வந்து, "எனக்கு இந்தக் களிம்பால்தான் வந்தது, நஷ்டஈடு கொடு" என்று கேட்டால் என்ன பதில்? "வெற்றுக் களிம்புக்காரிக்கும் வந்திருக்கிறதே! உனக்குக் கிருமி கொடுத்தது ஆண்; களிம்பு அல்ல. களிம்பால் என்று நிரூபி." அவளால் நிரூபிக்க முடியாது. எந்த டாக்டராலும் முடியாது. ஆயிரம் பேரைச் சேர்த்து எண்ணினால் தெரிகிற தீங்கு, ஒருத்தியின் உடம்பில் முத்திரை குத்திக்கொண்டு வருவதில்லை. விஞ்ஞானத்துக்கு அவர்கள் எல்லோரும் சேர்ந்த ஒரே எண்; நஷ்டஈடு என்று வரும்போது மட்டும் தனித்தனி ஆள். மில்லில் பஞ்சுத்தூசு தின்று நெஞ்சடைத்த தொழிலாளியிடம் "பீடியால் வந்தது" என்று சொல்கிற அதே தந்திரம் இங்கே வேறு வேஷத்தில் வருகிறது.

சட்டமும் இந்தத் தந்திரத்துக்கு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. 2005 ஜனவரியில் மத்திய சர்க்கார் விதியைத் திருத்தி, மேல்நாட்டில் பரீட்சை நடக்கும் அதே கட்டத்தில் இங்கும் நடத்தலாம் என்று கதவைத் திறந்தது. 2005 முதல் 2012 வரை 475 புதிய மருந்துகளின் பரீட்சைகளில் 2,644 பேர் இறந்ததாக சர்க்காரே சுப்ரீம் கோர்ட்டில் கணக்குக் கொடுத்தது. அதில் பரீட்சையால் இறந்தவர்கள் என்று ஒப்புக்கொண்டது 80 பேரை மட்டும். நோய் முற்றிச் சாகக் கிடந்தவர்கள் பலர் அதில் உண்டு, வாஸ்தவம். ஆனால் எது எதனால் என்று தீர்ப்புச் சொன்னது யார்? 2013-ல் நஷ்டஈட்டுக்கு ஒரு சூத்திரம் போட்டார்கள். 8 லட்சம் ரூபாய் அடிப்படை. அதை வயதுக்கு ஏற்ற எண்ணாலும் ஆபத்துக்கு ஏற்ற எண்ணாலும் பெருக்க வேண்டும். வயதுக்கான எண் எங்கிருந்து எடுத்தது தெரியுமா? தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்திலிருந்து! மிஷினில் கை போனவனுக்குக் கணக்குப் போடுகிற அதே பட்டியல். ஆக, உடம்பைக் கொடுப்பதும் ஒரு வேலைதான் என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2019 விதிகளின்படி, பாதிக்கப்பட்டவருக்கு இலவச வைத்தியம் உண்டு. எதுவரை? தேவைப்படும் வரை, அல்லது பரீட்சைக்கும் பாதிப்புக்கும் சம்பந்தமில்லை என்று நிலைநாட்டப்படும் வரை. எது முந்தியோ அதுவரை. இந்தக் கடைசி வரியைத்தான் உடைக்க வேண்டும்.

சம்மதம் என்ற மாயச் சொல்

"யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, அவர்களாகத்தானே கையெழுத்துப் போட்டார்கள்?" என்பது படித்தவர்கள் வாதம். மிராசுதார் சொன்ன கூலிக்கு "அவர்களாகத்தானே" நடவுக்கு வந்தார்கள் என்று நம் விவசாயத் தொழிலாளர்கள் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன வாதம்!

தென் ஆப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வேயில் நடந்த இன்னொரு பரீட்சையைப் பாருங்கள். வாய்ஸ் என்று அதற்குப் பெயர். களிம்பைத் தவறாமல் பயன்படுத்துகிறோம் என்று பெண்கள் சொன்னார்கள். திருப்பிக் கொடுத்த குழாய்களின் கணக்கும் அதையே காட்டியது. ரத்தத்தைச் சோதித்தால் ஏறக்குறைய கால்வாசியில்தான் மருந்து இருந்தது. களிம்பு காப்பாற்றவில்லை என்று 2013-ல் முடிவு வந்ததும், "பெண்கள் பொய் சொல்லிவிட்டார்கள்" என்று பேச்சு எழுந்தது. ஏன் சொன்னார்கள்? பிறகு உட்கார வைத்துக் கேட்டபோது வெளிவந்தது: மருந்தைக் கண்டு பயம், புருஷனுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயம். ஆனாலும் அங்கே போனால் டாக்டர் பரிசோதிப்பார், பரிவாகப் பேசுவார். அதை இழக்க மனமில்லை. காசில்லாமல் வைத்தியம் பார்க்க வேறு நல்ல இடம் இருந்தால் அவர்கள் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்களா? வைத்தியமே கூலியாக நிற்கும்போது சம்மதம் எப்படிச் சுதந்திரமாகும்?

அந்தச் சம்மதத்தைக்கூட அவளிடம் கேட்காத கதையும் உண்டு. 2009-ல் ஆந்திரத்தின் கம்மம் ஜில்லாவில், கர்ப்பவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்குப் போட்டார்கள். பலர் ஆதிவாசி விடுதிகளில் தங்கிப் படித்த பெண்கள். நடத்தியது பாத் என்ற அமெரிக்க ஸ்தாபனம். இங்கும் கேட்ஸ் அறக்கட்டளைப் பணம். சோதித்துப் பார்த்த 9,543 சம்மதப் பத்திரங்களில் 2,763-ல் கையெழுத்துப் போட்டிருந்தது விடுதிக் காப்பாளர்கள்! சிறுமிகள் சிலர் இறந்தார்கள். சாவுக்கு ஊசி காரணமல்ல என்றது விசாரணைக் கமிட்டி, அப்படியே இருக்கட்டும். அந்த ஊசியே இன்று பல நாடுகளில் நல்ல பலன் தந்திருக்கிறது. ஆனால் தாய் தகப்பனைக் கேட்காமல் போட்டது குற்றம் இல்லையா? தோழர் பிருந்தா காரத் பார்லிமெண்டில் பிரச்சினையைக் கிளப்பினார், 2010-ல் நிறுத்தப்பட்டது, 2013-ல் பார்லிமெண்ட் நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது.

விடுதிக் காப்பாளர் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? திண்டுக்கல்லிலும் கோவையிலும் திருப்பூரிலும் நூல் மில் விடுதிகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் அடைத்து வைத்த நம் பெண்கள்! வெளியே போக அனுமதி இல்லை, வீட்டுக்குப் பேச நேரம் இல்லை. நாளைக்கு அந்த விடுதி வாசலில் ஒரு வண்டி வந்து நின்றால், அங்கே யார் கையெழுத்துப் போடுவார்கள்?

இது புதிதும் அல்ல. 1986-ல் இந்தியாவிலேயே முதன்முதலாக எய்ட்ஸ் கிருமியைக் கண்டுபிடித்தது சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் செய்த அரிய காரியம். அதைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அந்த ரத்தம் யாருடையது? விபசாரத் தடைச் சட்டத்தில் பிடித்து சர்க்கார் இல்லத்தில் வைத்திருந்த பெண்களுடையது. கண்டுபிடித்தவர்கள் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. ரத்தம் கொடுத்தவர்களை யாருக்குத் தெரியும்?

"எல்லாம் சதி" என்பவர்களுக்கு

இவ்வளவும் சொன்னதும் நம்மில் சிலர் துள்ளிக் குதித்து, "அப்படியானால் இந்த மருந்து ஆராய்ச்சியே ஏகாதிபத்தியச் சதி, ஒன்றையும் உள்ளே விடாதே" என்பார்கள். இது வீரம் போலத் தோன்றும்; வாஸ்தவத்தில் பாமரத்தனம். தென் ஆப்பிரிக்காவில் ஜனாதிபதி இம்பெக்கி, எய்ட்ஸ் மருந்தையே சந்தேகித்து, சர்க்கார் ஆஸ்பத்திரியில் கொடுக்காமல் இழுத்தடித்தார். அதனால் 2000 முதல் 2005 வரை 3 லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயின என்று பிற்பாடு ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டார்கள். செத்தவர்கள் யார்? சுரங்கத் தொழிலாளியும் அவன் பெண்டாட்டியும்.

அதே நாட்டில் 2010-ல் டெனோபோவிர் களிம்பு 889 பெண்களிடம் சோதிக்கப்பட்டு, தொற்றை 39 சதம் குறைத்தது என்று முடிவு வந்தபோது உலகமே மகிழ்ந்தது. அதை நடத்தியவர்கள் அந்நாட்டு விஞ்ஞானிகள் குர்ரைஷா அப்துல் கரீமும் சலீம் அப்துல் கரீமும். 2015-ல் அடுத்த பரீட்சையில் அதே களிம்பு தோற்றது. தாய் தகப்பனோடு ஒரே அறையில் வாழ்கிற இளம் பெண்கள் எப்படி அதை ஒழுங்காகப் பயன்படுத்துவார்கள்? தோல்வியில் மருந்தின் பங்கு கொஞ்சம், வீட்டின் பங்கு கொஞ்சம்.

எதிர்க்க வேண்டிய இடத்தில் எதிர்த்து ஜெயித்தும் இருக்கிறோம். மலேரியாவுக்கான குயினாக்ரின் மாத்திரையைப் பெண்களின் கர்ப்பப்பையில் வைத்து, உள்ளே புண்ணாக்கி மலடாக்கும் அக்கிரமம் 1990-களில் நம் நாட்டில் அனுமதியின்றி நடந்தது. ஜனநாயக மாதர் சங்கமும் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக ஆசிரியர்களும் சுப்ரீம் கோர்ட் ஏறினார்கள். 1998-ல் தடை வந்தது. 2004-ல் கம்போடியாவின் நாம்பென் நகரத்தில், டெனோபோவிர் மாத்திரைப் பரீட்சைக்கு அழைக்கப்பட்ட விபசாரத் தொழில் பெண்கள் தங்கள் சங்கத்தின் மூலம் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: பின்விளைவு வந்தால் பார்க்க 30 ஆண்டுக்கு வைத்திய இன்ஷூரன்ஸ் கொடு! கொடுக்க மாட்டோம் என்றார்கள். பெண்கள் மறுத்தார்கள், பரீட்சை துவங்கவே இல்லை. "மருந்து வேண்டாம்" என்று அவர்கள் சொல்லவில்லை. விலை பேசினார்கள். அதுதான் தொழிற்சங்கம்.

விலை பேசாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு லெனகாபவிர் ஊசியே சாட்சி. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போட்டால் போதும். 2024-ல் முடிவு வந்தது: தென் ஆப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் ஊசி போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருத்திக்குக்கூடத் தொற்றவில்லை! களிம்பு தேடியதை ஊசி கண்டுபிடித்துவிட்டது. 2025-ல் அமெரிக்காவில் கிலியட் கம்பெனி வைத்த விலை வருஷத்துக்கு 28,000 டாலருக்கு மேல். ஏழை நாடுகளுக்கு மலிவாகச் செய்ய வேறு கம்பெனிகளுக்கு லைசென்ஸ் கொடுத்தது. அவர்கள் வருஷத்துக்கு 40 டாலருக்குக் கொடுக்க முடியும் என்று முன்வந்திருக்கிறார்கள். 40 எங்கே, 28,000 எங்கே! ஆண்கள் முதலானோரிடம் இதே ஊசியைச் சோதித்த பிரேசில், அர்ஜென்டினா, மெக்ஸிகோ, பெரு ஆகிய நாடுகளின் பெயர் 2024-ல் வெளியிட்ட அந்த லைசென்ஸ் பட்டியலில் இல்லை. உடம்பு கொடுத்தார்கள், மருந்துக்கு வரிசையில்கூட இடமில்லை.

கேட்க வேண்டியவை

பரீட்சை நடக்கும் காலத்தில் தொற்று வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும், மருந்துப் பக்கமா வெற்றுப் பக்கமா என்று பார்க்காமல், நிரூபி என்று கேட்காமல், ஆயுள் முழுதும் வைத்தியமும் வருமானமும் பரீட்சை நடத்துகிறவன் செலவில் வேண்டும். மருந்து பலித்தால் பரீட்சை நடந்த ஊரில் முதலில் கிடைக்க வேண்டும். பரீட்சையை அனுமதிக்கும் நெறிமுறைக் கமிட்டியில் டாக்டரும் வக்கீலும் மட்டுமல்லாமல், அந்தப் பகுதியின் தொழிலாளர் சங்கப் பிரதிநிதியும் மாதர் சங்கப் பிரதிநிதியும் உட்கார வேண்டும்.

சட்டம் மாறும்வரை இருக்கிற சட்டத்தையாவது பிடித்துக்கொள்வோம். எந்த மருந்துப் பரீட்சையானாலும் விவரக் காகிதம் நமக்குப் புரிகிற பாஷையில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட பத்திரத்தின் ஒரு பிரதி நம் கையில் வர வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைரேகை வாங்கினால் பரீட்சையோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூடவே இருக்க வேண்டும். நஷ்டஈட்டுக்கு வாரிசு பெயர் எழுத இடம் இருக்கிறதா என்று பாருங்கள். 2009 ஜூன் முதல் எல்லாப் பரீட்சைகளும் தேசியப் பதிவேட்டில் பதிய வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல், விலகிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. விலகினால் மற்ற வைத்தியத்தை நிறுத்த முடியாது.

லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி பக்கத்து விவசாயத் தொழிலாளர் கிளைகளும், மில் வாசல் கிளைகளும், அடுத்த கூட்டத்தில் பெண்களை முன்வரிசையில் உட்கார வைத்து இதைப் படித்துக் காட்ட வேண்டுகிறேன். தலைகுனிந்து சிரிக்கிற ஆண் தோழர்கள் கொஞ்ச நேரம் வெளியே போய் டீ குடித்துவிட்டு வரலாம். யாராவது எந்த மருந்துக்காவது காகிதம் நீட்டினால், கைரேகை வைப்பதற்கு முன்னால் அதைச் சங்க ஆபீஸுக்குக் கொண்டுவாருங்கள். எந்த ராத்திரியானாலும் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துச் சொல்ல ஆள் இருக்கிறோம்.